படகை நகர்த்தினால்தான் பெட்டி போகும்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு பக்கமாவது படித்துவிடு. என் போனை நீ எடுப்பதில்லை. கடிதத்தை எடுக்காமல் இருக்க முடியாது, தபால்காரர் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அத்தானுக்கு முதுகுவலி தேவலையா? உன் சின்ன மகள் இன்னும் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கதை கேட்கிறாளா?

நானும் உன் தம்பி மனைவியும் நலம். நிஜமாகவே நலம். வேளாவேளைக்குச் சாப்பாடு. நான் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே புதுச் சட்டை கட்டிலில் இருக்கும். இரண்டு முறை தும்மினால் மாமனார் மருந்துக்கடைக்குப் போய்விடுவார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு இங்கே இரண்டும் மூன்றாவது வருடமாக நடக்கிறது.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? மாமனாருடைய படகுக்குள். முற்றத்தில் டிரெய்லர் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஆனால் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் மற்ற எல்லா அறைகளுக்கும் மாமனார் எந்த நேரமும் வருவார். போன் பேசினால் "யாரு மாப்பிள்ளை?" என்று அன்பாகக் கேட்பார். அதனால்தான் இந்தப் பொந்து. வெளியே கேட்கும்படி துணியால் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், உள்ளே துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். இடது கையால் தட்டுகிறேன், வலது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

படகைப் பற்றிச் சொல்லாமல் என் நிலைமை உனக்குப் புரியாது. வெள்ளை ஃபைபர் படகு, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். மாமனார் துறைமுகக் கிடங்கில் மேலாளராக இருந்தவர். ஆயுசு முழுக்க ஊரார் சரக்கைக் கடலில் அனுப்பிவிட்டு, ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரு படகு வாங்கினார். சொந்தபந்தம் எல்லாம் கரையில் நின்று கைதட்ட, முதல் நாள் அதில் ஏறிப் போனவர், கரை மறைவதற்குள் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்துத் திரும்பிவிட்டார். அன்றோடு சரி. உப்புத் தண்ணீர் பட்டால் பளபளப்பு போய்விடும் என்று படகை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாந்தியைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. உப்பைப் பற்றித்தான் பேசுவோம்.

நாங்கள் வந்தபோது படகு பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. எங்கள் பெட்டிகள் உள்ளே போன மறுவாரம் அதை முற்றத்துக்குக் கொண்டுவந்தார், பக்கத்திலேயே இருந்தால் எனக்குக் கழுவ வசதியாக இருக்குமாம். இப்போது வாசல் கேட்டுக்குப் போக வேண்டுமென்றால் படகுக்கும் மதில் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். சட்டைப் பொத்தான் படகில் உரசிவிடக் கூடாது என்பதால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பால்காரர், மின்சாரக் கணக்கெடுக்க வருபவர், எல்லாரும் வாத்தியாரிடம் அடி வாங்கிய பையன்கள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவார்கள். கையில் பெட்டி இருந்தால் அந்த இடுக்கில் போகவே முடியாது. படகை நகர்த்தினால்தான் பெட்டி போகும். இதை மனதில் வைத்துக்கொள்.

எஞ்சின் பிரித்து மாட்டிய உன் தம்பிக்கு இப்போது என்ன வேலை என்றால், படகு கழுவுவது. சிரிக்காதே. அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் தொடங்க வேண்டும். முதலில் மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர், தூசியோடு தேய்த்தால் தூசியே கீறிவிடும். பிறகு படகுக்கென்றே விற்கிற சோப்பு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தொடவே கூடாது, ஏற்கெனவே பூசியிருக்கிற மெழுகை வழித்துக்கொண்டு போய்விடும். கால் வைக்கும் இடத்துக்கு மெல்லிய பிரஷ், மற்ற இடத்துக்குப் பஞ்சு. கழுவியதை அப்படியே காயவிட்டால் குழாய்த் தண்ணீர் புள்ளிபுள்ளியாகக் கறை விடும். உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் கையகலம் கையகலமாக மெழுகு. வட்டம் வட்டமாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடைக்க வேண்டும். ஒரு சாப்பாட்டுத் தட்டை ஒழுங்காகக் கழுவ மாட்டேன் என்று என்னைத் திட்டுவாயே, இப்போது வந்து பார். செக்குமாடு தோற்றுப்போகும்.

முடித்ததும் பரீட்சை உண்டு. மாமனார் செய்தித்தாளை எடுத்து வந்து படகின் பக்கவாட்டில் பிடிப்பார். தலைப்பு எழுத்துகள் அதில் இடம் வலம் மாறித் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் "பலே மாப்பிள்ளை!" என்பார். ஒரு எழுத்து மங்கினாலும் "இங்க கொஞ்சம் பாக்கணுமே" என்பார். சத்தம் போட்டு ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தானைத் திட்டாதே, முதலில் சத்தியம் பண்ணு. உங்கள் ஊர்ப் பயணிகள் படகுத்துறைப் பட்டறையில் எஞ்சின் ஃபிட்டர் வேலை காலியாக இருக்கிறது என்று அத்தான்தான் எனக்குச் சொல்லி அனுப்பினார். பட்டறை மேஸ்திரியிடமும் பேசிவிட்டார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நான் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். செய்தி வந்த அன்று எனக்குத் தூக்கமே இல்லை. என் கையில் மறுபடி எண்ணெய்க் கறை படும் என்று நினைத்தாலே அழுகை வருகிறது அக்கா. மெழுகு தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே வழுவழுவென்று ஆகிவிட்டது.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதுதான் இது நடந்தது. ஃபைபர் படகுக்கு மேலே மெல்லிசாக ஒரு வெள்ளைத் தோல் இருக்கும், ஜெல்கோட் என்று பெயர். பளபளப்பெல்லாம் அதில்தான். கடலில் கிடந்து அது வெளுத்துப்போனால் காம்பவுண்ட் என்று ஒரு பசையைப் போட்டுத் தேய்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் மாதிரி அது மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டிவிட்டுப் பளபளப்பைக் கொண்டுவரும். எப்போதாவது ஒருமுறை செய்ய வேண்டியது. கடலே பார்க்காத படகுக்கு மாமனார் அதை மாதாமாதம் போடச் சொன்னார். "மெழுகு போதும் மாமா, இது தோலைத் தின்னுடும்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "கண்ணாடி மாதிரி இருக்கணும் மாப்பிள்ளை" என்றார். உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எவ்வளவு தூரம் எதிர்த்துப் பேச முடியும், நீயே சொல். தேய்த்தேன்.

போன வாரம் செய்தித்தாளைப் பிடித்தார். பக்கவாட்டில், அவர் எப்போதும் பிடிக்கும் அதே இடத்தில், தலைப்பின் நடுவே எழுத்துகளைக் காணோம். குனிந்து பார்த்தார். வெள்ளைத் தோல் போய், உள்ளே இருக்கிற நார் பின்னல், சாக்குத் துணி தெரிகிற மாதிரி தெரிந்தது. உள்ளங்கை அளவுதான். ஆனால் தெரிந்துவிட்டது. கடல் தொடாத படகைக் கையாலேயே தேய்த்துத் தீர்த்துவிட்டோம். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். இன்றைக்குக் கத்துவார், நானும் கத்துவேன், அப்படியே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். மனதுக்குள் வசனம்கூடத் தயார். அவர் என்ன செய்தார் தெரியுமா? என் தோளில் கை போட்டார். "விடுங்க மாப்பிள்ளை, நான்தான் உங்கள தேய்க்கச் சொன்னேன். முழுசா உரிச்சிட்டுப் புதுசா கோட்டிங் போட்டுக்குவோம். நிதானமா செய்யலாம், என்ன அவசரம், நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க" என்றார். அதோடு விடவில்லை. "எனக்கப்புறம் இது உங்களுக்குத்தான்" என்றும் சொல்லிவிட்டார்! திட்டியிருந்தால் போயிருப்பேன். இப்படிச் சொல்கிறவரிடம் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லுக்குப் பதில் முழுத் தேங்காயையே வைத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து உன் தம்பி மனைவியிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு படகிடம் போனாள். அந்தத் தேய்ந்த இடத்தை விரலால் தடவினாள். "என்னையும் அப்பா இப்படித்தாங்க வளத்தாரு. வெயில் படாம, உப்பு படாம" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். அவளுக்கும் இந்த முற்றம் மூச்சு முட்டுகிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

போகலாம், அப்பாவிடம் நானே பேசுகிறேன், அவருக்குச் சாப்பாட்டுக்குச் சித்தி பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறாள் என்றாள். நான் குதித்துவிட்டேன். ஆனால் வேலை கிடைத்த கையோடு வீடு பார்க்க முடியாதே, முதலில் அக்கா வீட்டு மாடி அறையில்தான் தங்க வேண்டும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. "கல்யாணம் ஆனதுலேருந்து உங்க அக்கா என்னை ஒரு தடவைகூட வான்னு கூப்பிடல. கூப்பிடாத வீட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?" என்று கேட்டாள்.

அக்கா, நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. வேலை செய்த பட்டறையை மூடியதும் உன்னிடம் வராமல் மாமனார் வீட்டுக்கு வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் என் வாசலை மிதிக்காதே என்றாய். நானும் உன் தம்பிதானே, அதே கொழுப்பு எனக்கும் இருந்தது, சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சண்டையில் அவள் எங்கே வந்தாள்? நான் வாயடைத்துப் போகும்படி என்னைத் திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. அவள் உன்னை இன்னமும் "அண்ணி" என்றுதான் சொல்கிறாள். கல்யாணப் படத்தில் நீ அவள் தலைப் பூவைச் சரி செய்கிற ஒரு படம் இருக்கிறது. அதைத்தான் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறாள்.

வெளியே மாமனார் கூப்பிடுகிறார். ஓரமெல்லாம் துடைத்தாயிற்றா என்று கேட்கிறார். ஆயிற்று மாமா என்று சொல்லிவிட்டேன். சீக்கிரம் முடிக்கிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். இந்த டிரெய்லர் டயர்கள் நின்று நின்று காற்று இறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. சைக்கிள் பம்பை வைத்து மூச்சு வாங்க வாங்க அடித்தேன். எதற்கு மாப்பிள்ளை என்று கேட்டார். படகுக்கு அடியில் தரையைக் கழுவ வேண்டும், கொஞ்சம் நகர்த்தணும் மாமா என்றேன். கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே பம்பின் குழாயை வால்விலிருந்து நழுவாமல் பிடித்துக்கொண்டார். புரிந்துதான் பிடித்தாரா, தெரியவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

படகு இனி நகரும். பெட்டிகளும் கட்டில் அடியில்தான் இருக்கின்றன. பாக்கி இருப்பது ஒன்றுதான், அது உன் கையில் இருக்கிறது.

இந்த வீட்டு எண் உன்னிடம் இருக்கிறது. கூடத்து போன், முதலில் மாமனார்தான் எடுப்பார். அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிடாதே. "உங்க பொண்ணக் குடுங்க" என்று சொல். என்னைக் கேட்காதே, நான் எப்படி இருக்கிறேன் என்றும் விசாரிக்காதே. அவளிடம் "வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல். என்மேல் இருக்கிற கோபத்தை அப்படியே வைத்துக்கொள், நான் வந்ததும் மொத்தமாகத் தீர்த்துக்கொள்ளலாம். நீ கதவைத் திறக்கும்போது அவள் முன்னால் நிற்பாள், நான் இரண்டு பெட்டியோடு பின்னால் நிற்பேன்.

உன் பிள்ளைகளும் அத்தானும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் வாசலை மிதிக்காமல் உன் வீட்டுக்குள் வர எனக்கு வழி தெரியவில்லை அக்கா.

இப்படிக்கு,
உன் கையால் அடி வாங்கி வளர்ந்த
தம்பி