ஜெயபாய் ஒப்பிடாத காகிதம்

லீட்ஸ், இங்கிலாந்து
18-7-1954

அன்பு ஜெயா,

கர்த்தருடைய கிருபையால் சுகம். நீயும் நம் மகள் சுகிர்தமும் சுகமென்று நம்புகிறேன். பரீட்சை முடிந்தது. இங்கே கோடை என்கிறார்கள், நான் கம்பளிச் சட்டையோடு திரிகிறேன். வீட்டுக்கார அம்மா தினமும் உருளைக்கிழங்கை அவித்து வைக்கிறாள். நீ தந்துவிட்ட மிளகுப்பொடியைத் தூவித்தான் இறக்குகிறேன். பகலெல்லாம் பாலங்களின் படம் வரைகிறேன், சாயங்காலம் காலுறை துவைக்கிறேன்.

உன் கடிதங்கள் வரவரக் குறுகிப்போகின்றன. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு வேலையா, இல்லை என்மேல் கோபமா?

உன்,
தேவகுமார்

பாறசாலை
30-8-1954

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். கோபமொன்றும் இல்லை. சொல்லப் பயந்துதான் குறுக்கி எழுதினேன். நம்ம தாலூக்காக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டுமென்று நடக்கிற சமரம் உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் தேதி புதுக்கடையில் போலீஸ் சுட்டார்கள். என் தம்பி பொன்னுதாஸ் ஊர்வலத்தில் நின்றிருக்கிறான். தொடையில் குண்டு. உயிர் உண்டு, கால் இனி மடங்காது என்கிறார் டாக்டர். "அக்கா, எனக்கப் பக்கத்துல கெடந்த ஆளு தண்ணி கேட்டாரு, குடுக்க முடியல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான்.

அடுத்த வாரம் இங்கே பெண்கள் கறுப்புத்துணி குத்திக்கொண்டு ரோட்டில் நடந்தோம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். போலீஸ்காரர் பேர் கேட்டார். சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூட மானேஜர், "டீச்சர், ஒரு மன்னிப்பு எழுதித் தந்த பொறவு வந்தாப் போதும்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் தைரியமாக இருக்கும்.

உங்கள்,
ஜெயபாய்

லீட்ஸ்
13-9-1954

அன்பு ஜெயா,

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. அன்றைக்குத்தான் இங்குள்ள திருவிதாங்கூர், கொச்சி மாணவர்கள் சேர்ந்து ஓணம் கொண்டாடினோம். ஒன்பது பேர். வாழையிலைக்குப் பதில் பச்சைக் காகிதம். ஜெயச்சந்திரன் முட்டைக்கோஸில் அவியல் வைத்தான். உன் கடிதத்தை வாசித்து, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவே அவன், "தேவகுமாரே, நாட்டில் பிரஸ்னமாணல்லோ. நீ தமிழனோ மலையாளியோ?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படகோட்டிகளின் வஞ்சிப்பாட்டைப் பாடினார்கள், கைதட்டினேன். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று திருவனந்தபுரம் சர்க்கார் ஆபீசிலிருந்து இன்னொரு கடிதம். என் மனைவி சர்க்காருக்கு எதிரான கூட்டத்தில் சேர்ந்தவளா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தருகிற உதவித்தொகையில்தான் என் படிப்பு நடக்கிறது. அது நின்றால் பாதியில் திரும்பவேண்டும். ஒரு வரிதானே ஜெயா, எழுதிக் கொடுத்துவிடு. மனசுக்குள் நீ என்ன நினைக்கிறாய் என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

உன்,
தேவகுமார்

பாறசாலை
5-10-1954

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் அப்பா நேற்றே காகிதத்தை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மலையாளத்தில், நல்ல கையெழுத்து. அறியாமையால் வழிதவறிப் போனேன் என்று தொடங்குகிறது, அடியில் நான் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது. "ஒப்பிட்டுத் தா மக்கா, ஒரு நிமிஷ வேலையாக்கும்" என்றார். "மாமா, நான் அறிஞ்சுதான் போனேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை, அழுதார். அதுதான் பொறுக்கவில்லை.

தையல் வேலை எடுத்துச் சமாளிப்பேன். நீங்கள் பாதியில் திரும்பி வந்தாலும் பட்டினி கிடக்கமாட்டோம். பொன்னுதாஸ் கட்டிலில் கிடக்கும்போது, நான் நடந்தது தப்பென்று எழுத எனக்குக் கை வராது. அவன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

ஜெயபாய்

லீட்ஸ்
27-12-1954

அன்பு ஜெயா,

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கார அம்மா தன் மேசையிலேயே எனக்கும் இடம் போட்டாள். வான்கோழி, திராட்சைப் புட்டிங். தலையில் காகிதக் கிரீடம் வைத்துவிட்டார்கள். ரேடியோவில் ராணி பேசினார். நான் நம் சபையின் விடியற்கால ஆராதனையை நினைத்துக்கொண்டிருந்தேன். சுகிர்தம் உன் தோளில் தூங்கிக்கொண்டே வருவாளே. "உன் மனைவி சுகமா?" என்று அந்த அம்மா கேட்டாள். கிரீடத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

உன்னிடம் மறைக்க முடியாது. உன் அக்டோபர் கடிதம் கிடைத்த மறுநாள் திருவனந்தபுரத்துக்கு எழுதினேன். நீ என் சம்மதமில்லாமல் தாய்வீட்டில் பிரிந்திருக்கிறாய், உனக்கும் எனக்கும் இப்போது தொடர்பில்லை என்று எழுதினேன். உதவித்தொகை தொடர்கிறது. அந்தக் கடிதம் எங்கேயோ ஒரு காகிதக் கட்டுக்குள் கிடக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். படிப்பு முடியட்டும், எல்லாம் சரியாகும்.

உன்,
தேவகுமார்

களியக்காவிளை
19-1-1955

அத்தானுக்கு,

பார்த்துவிட்டார்கள். நகல் நவம்பரிலேயே மானேஜருக்கு வந்தது. என் சர்டிபிகேட்டுகளை வாங்கப் போனபோது, பள்ளிக்கூட முற்றத்தில் மற்ற டீச்சர்மார் நிற்க, சத்தமாக வாசித்தார். "அப்போ கெட்டியோனும் கைவிட்டாச்சு, இல்லியா டீச்சர்?" என்றார். பொய் என்று சொல்லியிருப்பேன். சொன்னால் உங்கள் படிப்பு போகும். வாயை மூடிக்கொண்டு வந்தேன். நீங்களே சொல்வீர்கள் என்று இத்தனை நாளும் காத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே சுகிர்தத்தைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் எழுதினது இப்போது உண்மை. உங்களை யாரும் பொய்யன் என்று சொல்லவேண்டாம்.

படிப்பை முடியுங்கள். வந்த பிறகு, அந்த முற்றத்தில் நின்று, எழுதினது பொய் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டு இங்கே வாருங்கள்.

ஜெயபாய்

நெய்யாற்றின்கரை
6-11-1956

அன்பு ஜெயா,

நான் திரும்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. நீ கேட்டதைச் சொன்னால் அது போய்விடும் என்று அந்த முற்றத்துப் பக்கமே போகவில்லை. வேறு காரணம் இல்லை.

இப்போது எல்லை பிரித்தாயிற்று. நீ இருக்கிற ஊர் மதராஸ் ராஜ்யத்தில், பாறசாலை கேரளத்தில். நேற்று மானேஜரிடம் போனேன். டீச்சர்மாரை வெளியே கூப்பிடச் சொன்னேன். நான் எழுதினது பொய், அவள் என்னைப் பிரிந்து போகவில்லை, நான்தான் அவளைத் தள்ளிவிட்டேன் என்றேன். "அதெல்லாம் இனி ஆருக்கு வேணும் சாரே? சமரம் கழிஞ்சாச்சுல்லா" என்றார் அவர். மணி அடித்ததும் டீச்சர்மார் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு நஷ்டம் உண்டு. இன்றைக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டது இதல்ல என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விடும்போது உங்கள் சபை வாசலில் நிற்பேன். பேசாமல் போனால் தடுக்கமாட்டேன். நான் யாரென்று சுகிர்தத்திடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தேவகுமார்