கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள்

ஏப்ரல் 7, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. வேங்கிக்கால் வனத்துறை அலுவலகத்தில் ஃபேன் ஓடவில்லை. மலைச்சரிவைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப் போகிறார்கள். வரைபடத்தில் எல்லைக்கோடு போடுவது என் வேலை. சனிக்கிழமைக்குள்.

வரைபடத்தில் மான் நடமாட்டம் ஒரு அடுக்கு. தண்ணீர் இன்னொன்று. மூன்றாவது, ஊர்க்காரர்கள் எங்கே ஆடு மேய்க்கிறார்கள், புல் அறுக்கிறார்கள் என்பது. அதற்காகத்தான் அடி அண்ணாமலையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர்ப் பட்டியல் எடுத்தேன்.

வாங்க: பால், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, செருப்பு.

ஏப்ரல் 9, புதன்

மேலதிகாரி என் பட்டியலைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சூப்பர் நஸ்ரின். ஆடு விடக்கூடாதுன்னு யாருக்கு நோட்டீஸ் அனுப்பணும்னு தேடவே வேணாம். பேரு, வீட்டு நம்பரு எல்லாம் இதுலயே இருக்கு."

"சார், அவங்க போற வழிய விட்டுட்டு கோடு போடத்தான் எடுத்தேன்."

"வழிய அப்புறம் பாக்கலாம்."

ஆடு மேய்க்கும் கன்னியம்மா அக்கா, பட்டியல் எடுத்த அன்று பெயர் சொல்லத் தயங்கினார். "உங்க நல்லதுக்குத்தான்" என்று சொல்லி எழுதியது நான்.

ஏப்ரல் 10, வியாழன்

பெயர்களை நீக்கிப் பார்த்தேன். பெயரில்லாத பதிவு செல்லாதாம். மூன்றாவது அடுக்கே காலி. கோடு ஊரின் கடைசி வீடு வரை இறங்கிவிட்டது. பெயர் இருந்தால் நோட்டீஸ். எடுத்தால், வரைபடத்தில் அங்கே ஆளே கிடையாது.

மான்மேல் கோபப்படவும் முடியவில்லை. போன மாதம் குட்டையில் ஒரு குட்டி, நாய் கடித்த தொடையோடு தண்ணீர் குடித்தது. அதற்கும் இந்தச் சரிவை விட்டால் போக்கிடம் இல்லை.

ராஜினாமா? வேறொருவர் அதே பட்டியலை அனுப்புவார்.

ஏப்ரல் 12, சனி

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். கன்னியம்மா அக்கா பாதையோரம் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும் நீ."

"ஆமாங்கக்கா."

"பேர எடுத்துட்டா?"

"அங்க யாருமே போறதில்லன்னு ஆயிடும்."

இரண்டு பேருக்குச் சுண்டல் மடித்துக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எடுக்காத. நோட்டீஸ் வந்தா எல்லாரும் கலெக்டர் ஆபீஸ் வரோம். ஆளே இல்லன்னு எழுதிட்டா எங்க போயி நிக்கிறது?" பிறகு, "இன்னா சொல்லி எங்க பேர வாங்குனன்னு அங்க வந்து சொல்லுவியா?"

வேலை போய்விடும். சொல்வேன் என்றேன்.

"வாய்ல வேணாம். எழுதிக் குடு."

சுண்டல் மடிக்கும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடுப்பில் செருகிக்கொண்டார்.

அலுவலகம் திரும்பி, நாலு மணிக்குப் பட்டியலை மேலதிகாரிக்கு அனுப்பினேன். ஒரு பெயரையும் எடுக்கவில்லை.