கடைசி வரிசையில் அப்பா

நவம்பர் 14, வெள்ளி. ஹம் நகரம், ஜெர்மனி.

இன்று நகர நூலகத்தில் என் உரை. இந்தப் பக்கத்துப் பண்ணைக் கூலி ஒருவன் பிழைப்புத் தேடிக் கப்பலேறி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் யூனியன் படையில் சேர்ந்து, ஒரு கையை இழந்து ஊர் திரும்பிய கதை. திரும்பியவனுக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. கேட்டவர்கள் உருகிப்போனார்கள். செத்து நூறு வருடமான சிப்பாய்க்கு உருகுவது சுலபம்.

ஒரு பெண்மணி எழுந்து, என் குடும்பத்தில் யாராவது போருக்குப் போனார்களா என்று கேட்டார்.

அப்பா வேலை முடிந்து நேரே வந்து, தொழிற்சாலை ஜாக்கெட்டோடு கடைசி வரிசையில் இருந்தார். ஈழத்தில், பத்தொன்பது வயதில் இயக்கத்துக்குச் சண்டையிடப் போனவர். அவரும் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைதான். தோளில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது.

"இல்லை" என்றேன்.

அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் வீட்டில் பழக்கிய பதில் அது. இப்போது எங்களிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. இன்று அதைச் சொன்னது பயத்தில் அல்ல. அந்த மண்டபத்தில் என் அப்பா பயங்கரவாதியாகத் தெரிந்தால் எனக்குக் கைதட்ட மாட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன். அவ்வளவுதான் நான்.

காரில் அப்பா, "நல்லாக் கதைச்சாய், பிள்ளை" என்றார். பிறகு கேட்டார்.

"அந்தக் கையில்லாதவனுக்குப் பிள்ளையள் இருந்ததோ?"

"ஓம், ஒரு மகள்."

"பாவம். அவளிட்டையும் இந்தக் கேள்வியை எத்தினை பேர் கேட்டிருப்பினம்."