முதுகில் வைத்த சுளகு

பரணிலிருந்து, பீடி இலை வைக்கும் அந்த மூங்கில் சுளகை இறக்கினேன். பீடி சுற்றுவதை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஓரத்துப் பின்னலில் புகையிலை வாசம் இன்னும் போகவில்லை. தும்மினேன். நீ இருந்திருந்தால், "மகாராணிக்குத் தூசி ஆவாது" என்றிருப்பாய். போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாய். பெண்பிள்ளை நான், தெருமுனை வரைக்கும்தான் உன்னோடு வர முடிந்தது.

தொண்ணூறுகளில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் பெண்கள் கபடி ஆடுவதே ஒரு வேடிக்கை. நாம் ஏழு பேரும் பீடி சுற்றுகிறவர்கள். காலையிலிருந்து மடியில் சுளகோடு கூனி உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழ ஆற்றுமணலுக்கு ஓடுவோம். எதிர்க்கோட்டுக்குள் பாடிப்போவதில் உனக்கு ஈடு கிடையாது. எனக்கு வாய்தான் பெரிது. நீ எகிறிக் குதித்து இறங்கும்போதெல்லாம் உன் கால்முட்டு இரண்டும் உள்ளே சாய்ந்து ஒன்றையொன்று தொடும்.

"ஏளா, ஒன் முட்டு ரெண்டும் என்ன ரகசியம் பேசுது?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும்தான்.

அம்பாசமுத்திரத்துப் போட்டியில் உன்னை யாரும் தொடக்கூட இல்லை. எகிறினாய், ஒற்றைக்காலில் இறங்கித் திரும்பினாய். சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். "ரகசியம் முத்திட்டு போல" என்று கத்தினேன். நீ எழுந்திருக்கவில்லை.

எண்ணெயும் கட்டுமாய் இரண்டு மாதம் போனது. பிறகுதான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முட்டுக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். உன் ஆட்டம் அதோடு முடிந்தது. ஆனாலும் ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு மணலுக்கு வந்தாய்.

"ஆஸ்பத்திரில காலுக்குப் பயிற்சி குடுக்கிற அக்கா கேட்டாங்க, குதிக்கையில முட்டு உள்ள சாயுமான்னு. நீ கேலி பண்ணுனதுதான் ஞாபகம் வந்துச்சு."

நான் குனிந்து மணலைக் கிளறினேன்.

"வயித்தையும் இடுப்பையும் கெட்டியாக்குனா முட்டு அம்புட்டுச் சாயாதாம். அடியே படாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்னாங்க. ஆனா நாம நாள்முழுக்கக் கூனி இருக்கோம். இடுப்பு எப்படிளா நிக்கும்?"

முழங்கையை ஊன்றிக் குப்புற நின்றாய், உடம்பு பலகைபோல. என் வாய் எத்தனை நேரம் சும்மா இருக்கும்? இலை நிறைந்த என் சுளகை உன் முதுகில் வைத்து, "அப்படியே நாலு பீடியும் சுத்திருளா" என்றேன். நூறு எண்ணும்வரை சுளகு அசையவில்லை.

"இப்ப ஒன் முதுகுல வை. விழுந்தா நீதான் பொறுக்கணும்."

பத்து எண்ணுவதற்குள் என் இடுப்பு தொய்ந்தது. வெட்டின இலையெல்லாம் மணலில். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். நீ சிரிக்கவில்லை. "கேலி பண்ணுத கண்ணு நல்ல கண்ணுளா. பாத்துட்டுச் சிரிச்சிட்டு மட்டும் போயிராத" என்றாய்.

அதன்பின் ஆட்டத்துக்கு முன்னால் எல்லார் முதுகிலும் சுளகு. குதித்தால் முட்டுகளை மடக்கி, பாதத்துக்கு நேரே நிறுத்தி இறங்கச் சொல்வாய். கோட்டுக்கு வெளியே கம்போடு நின்று எண்ணுவாய். நம்மில் வேறு யாருக்கும் ஜவ்வு போகவில்லை. சுளகாலா, சாமி புண்ணியமா, எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்றைக்கு நான் கத்தியதற்கு உன்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு கேலி முந்திக்கொண்டது.

இப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறேன். நேற்று ஜன்னலுக்கு வெளியே கபடி ஆடிய பெண்ணொருத்தி எகிறி இறங்கினாள். முட்டு இரண்டும் உள்ளே சாய்ந்தன. "ஏட்டி, என்ன ரகசியம் பேசுது?" என்று கேட்டுவிட்டேன். புத்தி மாறவில்லை. அவள் சிரித்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டு மைதானத்தில் இறங்கினேன்.

இன்றைக்கு அவள் முதுகில் வைக்கச் சுளகைக் கொண்டுபோகிறேன். பீடி இலை கிடையாது, புளியங்கொட்டை போட்டிருக்கிறேன். விழுந்தால் பொறுக்குவது நான்தான்.