ஆறு நாள் ஆலிவ் எண்ணெய்

லேவார்டன், புதன்கிழமை

அன்புள்ள சீட்ஸ்கே,

கஞ்சா எண்ணெயால் உன் அண்ணன் ஹைல்கேக்குப் பலன் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை.

நரம்பு நோய் தன் போக்கில் போகிறது. போன அக்டோபரில் ஊன்றுகோல். இப்போது சக்கர நாற்காலி. சாயங்காலமானால் கால்கள் இறுகிக் கட்டையாகிவிடும். அதற்குத்தான் இந்த எண்ணெய்.

மருந்துக்கடையில் குப்பியை எடுத்துக் கொடுத்தவள் அவருடைய பழைய மாணவி. கஞ்சா புகைத்தாள் என்று ஒரு வாரம் பள்ளிக்கு வராதே என்றவர் இவர். "சார், இப்ப உங்களை யாரு சஸ்பெண்ட் பண்றது?" என்றாள். "வீட்டுல பொண்டாட்டி இருக்காளே, அவ பாத்துப்பா," என்றார்.

தினமும் நாக்குக்கு அடியில் எட்டுச் சொட்டு. கசப்பு தாங்காமல் உடனே ஓர் உப்பு அதிமதுர மிட்டாய் கேட்பார்.

நாளை மருத்துவரைப் பார்க்கிறோம். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார். நான் புள்ளியியல் படித்தவள், உனக்குத் தெரியும். பழைய குப்பியில் வெறும் ஆலிவ் எண்ணெயை ஊற்றி ஆறு நாள் கொடுத்தேன். ஹைல்கேயிடம் சொல்லவில்லை. தினமும் கால் எப்படி என்று கேட்டேன். "பரவால்ல ரிக்ஸ்ட்," என்றார், ஆறு நாளும். சரியான எண்ணெய் கொடுத்த நாட்களிலும் அதையேதான் சொல்லியிருந்தார். நோட்டில் குறித்துக்கொண்டேன். என் நோட்டின்படி இரண்டு எண்ணெய்க்கும் வித்தியாசமே இல்லை.

நேற்று அலமாரியில் மிட்டாய் டப்பாவைப் பார்த்தேன். போன வாரம் வாங்கியது, பிரிக்கவே இல்லை. கசப்பு இல்லை, அதனால் அவர் மிட்டாய் கேட்கவில்லை. முதல் சொட்டிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கேட்காததை நான்தான் கவனிக்கவில்லை.

நேற்றிலிருந்து சரியான எண்ணெய் கொடுக்கிறேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன். நாளை அந்த நோட்டைக் காட்டினால் மருந்து நின்றுவிடும். காட்டாவிட்டால் நான் யார் என்று தெரியவில்லை.

நியூசிலாந்தில் உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். அண்ணனுக்கு ஒரு கடிதம் போடு. எனக்கு எழுதாவிட்டாலும் சரி.

அன்புடன்,
ரிக்ஸ்ட்

வியாழன். இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். மருத்துவர் கேட்டதும், நான் பையைத் திறப்பதற்குள் ஹைல்கே பேசிவிட்டார்: "நடுவுல ஆறு நாள் நான்தான் மருந்தை விட்டுட்டேன் டாக்டர். ஆறு நாளும் காலு இரும்பு மாதிரி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்." "நீங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்று மருத்துவர் அவரைத் திட்டினார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மருந்து இன்னும் மூன்று மாதத்துக்கு உண்டு. நோட்டு பையிலேயே இருந்தது.