பிரேக் பற்றிய கடைசி வரி

அன்புள்ள மனைவிக்கு,

உலகத்து அட்டைப்பெட்டிகளை எல்லாம் கட்டி ஆளும் உன் கணவன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி பிரேக் பிடிக்காமல் வந்து, இமயமலை உயரத்துப் பெட்டி அடுக்கைச் சாய்த்துவிட்டது. இரண்டே இரண்டு பெட்டிகள் என் இடது தோளை நலம் விசாரித்துப் போயின. வெறும் வீக்கம்தான், பயப்படாதே.

பழைய நிருபர் என்பதால் விபத்து அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார் மேலாளர். 'பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் மூன்று முறை சொல்லியிருக்கிறார்' என்று முடித்தேன். படித்துப் பார்த்த மேலாளர் சொன்னார்:

"பிரமாதம் அண்ணே! கடைசி வரியை மட்டும் எடுத்துட்டு, ஓட்டுநரோட கவனக்குறைவுன்னு போட்டுடுங்க."

"அந்த ஆளுக்கு வேலை போயிடுமே?"

"உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

நான் எடுக்கவில்லை. ஓட்டுநர் வேலையில் இருக்கிறார். என்னைத்தான் உறைய வைக்கும் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

செய்தியில் ஒரு வரியை வெட்டினார்கள் என்றுதானே அன்று பூமி அதிரப் பத்திரிகையை விட்டு வந்தேன்? ஏழு கடல் தாண்டியும் அதே கத்தரிக்கோல். அங்கேயாவது ஆசிரியரின் மேசையைத் தட்டிச் சண்டை போடலாம். இங்கே யாரோடும் சண்டை போடக்கூட முடியவில்லை. களைப்பாக இருக்கிறது.

தோளுக்குத் தைலம் அனுப்பச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அனுப்பாதே, வாங்கி வீட்டிலேயே வை. என் பழைய மூக்குக்கண்ணாடியையும் தேடி எடுத்து வை. பத்திரிகைக்கே திரும்ப வரச் சொல்லி உன்னிடம் கேட்டாரே ஆசிரியர், அவரிடம் வருகிறேன் என்று சொல். மேசை தட்டுகிற வலது கை நன்றாகவே இருக்கிறது என்றும் சொல்லிவிடு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்