கண்ணாடி குத்திய கால்

மரியே வாழ்க

ராயப்பன்பட்டி
9.3.2025, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு,

இங்கு நலம். போனில் பேசினால் இரண்டாம் நிமிடமே சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய். பிரிந்திருக்கிற இந்த ஒரு வருஷத்தில் நாம் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். கடிதத்தைப் பாப்பாவின் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒட்டித்தான் அனுப்புகிறேன். பிரிந்திருந்தால் அது உன் மகள் வேலை.

இரண்டு செய்தி. பெரிய வியாழன் அன்று சாமியார் பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். கோயில் உபதேசியார் நம் அபிதா பெயரை எழுதிக்கொண்டார். நீ போனதிலிருந்து நான் கோயிலில் கடைசித் தூணோரம் நின்று, பூசை முடிந்ததும் முதல் ஆளாய் வெளியே வருகிறவன். "வீட்ல எப்ப வர்றாக?" என்று கேட்க ஊரில் ஆள் பஞ்சமில்லை. அன்றைக்கு என் மகள் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது போதும்.

இன்னொன்று, அவள் இடது குதிகாலில் ஆணி மாதிரி ஒன்று வந்திருக்கிறது. நடந்தால் உறுத்துகிறதாம். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பதற வேண்டாம்.

இப்படிக்கு,
செல்வின்


பெரியகுளம்
14.3.2025

அபிதா அப்பாவுக்கு,

பதறவில்லை. பதினொரு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் ஒரு குதிகாலைப் பார்த்துப் பதற மாட்டாள். அது ஆணி இல்லை, மரு. உற்றுப் பாருங்கள், நடுவில் கருப்புப் புள்ளிகள் தெரியும். எங்கள் கிளினிக் டாக்டரிடமும் காட்டிவிட்டேன். தொற்றக்கூடியதுதான், ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை.

மருந்து வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு உங்கள் பொறுப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிஷம் ஊறவையுங்கள். மேல்தோலை லேசாகத் தேய்த்துவிட்டு, சுற்றியிருக்கிற நல்ல தோலில் வாஸ்லின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டர் ஒட்டுங்கள். அவளுக்குத் தனித் துண்டு, தனிச் செருப்பு. மூன்று மாதம்கூட ஆகலாம். வெட்டக் கூடாது, சுடக் கூடாது, சேங்கொட்டை கீங்கொட்டை என்று யார் சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. உங்களுக்குக் கை பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று பூத்த கொடியில் நாளைக்கே திராட்சை எங்கே என்று பந்தலுக்குள் தேடுகிற ஆள் நீங்கள்.

பெரிய வியாழனுக்கு வெள்ளைப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

ஜெசிந்தா


ராயப்பன்பட்டி
6.4.2025

ஜெசிந்தாவுக்கு,

நீ சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. மரு மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கிறது. நம் தோட்டத்தில் வேலை செய்கிற சங்கிலியம்மாள், மரு உதிரக் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கை போடச் சொன்னாள். திட்டாதே, போட்டேன். உன் மகள், "ஏம்ப்பா, சாமி வீட்ல இன்னைக்கு ரசமா?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள்.

நேற்று பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பழக்கினார்கள். அபிதா செருப்பைக் கழற்றியதும் ஒரு பெண், "அது ஒட்டிக்கிருமாம்ல, அங்கன உக்காராத" என்று தன் பிள்ளையை இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சீக்கிரம் போக வேறு மருந்தே கிடையாதா?

செல்வின்


பெரியகுளம்
11.4.2025

அபிதா அப்பாவுக்கு,

கிடையாது. பெரிய வியாழனுக்குள் அது போகாது. புது பிளாஸ்டர் ஒட்டி உட்காரட்டும், இன்னொரு காலைக்கூட நீட்டட்டும். ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்கு வருகிறதுதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவளிடம் மட்டும் அது அசிங்கம் என்று சொல்லிவிடாதீர்கள்.

லீவு விட்டாயிற்று. புனித வாரம் முழுக்க உங்களோடு இருக்கட்டும். ஈஸ்டர் அன்று நானே அங்கு வந்து அழைத்துக்கொள்ளலாமா என்று நினைக்கிறேன். உங்கள் ஊர்க்காரர்கள் கேட்பதற்குப் பதில் சொன்ன மாதிரியும் இருக்கும்.

ஜெசிந்தா


ராயப்பன்பட்டி
21.4.2025

ஜெசிந்தாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். பாப்பா பையில் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அவள் காலில் கண்ணாடி குத்தவில்லை.

கவாத்து முடிந்ததும் கொடியில் துளிர் வெடிக்கத் தடவுகிற மருந்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. முன்பு ஒருமுறை நம் தோட்டத்து வேலையாள் முத்துவீரன் கையுறை போடாமல் தடவி, அவன் விரலில் இருந்த மரு தோலோடு உரிந்து போனது. அது என் மனதில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பஞ்சில் தொட்டு அவள் குதிகாலில் வைத்தேன். எரியுதுப்பா என்றாள். "அஞ்சு நிமிசம் பொறுத்துக்க ஆத்தா" என்று காலைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளையின் காலை இழுக்க விடாமல் பிடித்துக்கொண்டேன், ஜெசிந்தா. கழுவியபோது தோல் வெளுத்திருந்தது. சாயந்திரம் குதிகால் முழுக்கக் கொப்புளம். உத்தமபாளையத்தில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்ட கேள்விகளை எழுத முடியாது.

உபதேசியாரிடம் கண்ணாடி குத்திவிட்டது என்று சொன்னேன். அவள் இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்தது. நீ தைக்கக் கொடுத்து வாங்கிய வெள்ளைப் பாவாடையோடு அவள் என் பக்கத்தில் தூணோரம் இருந்தாள். ஈஸ்டருக்கு நீ வருகிறேன் என்றாய். வேண்டாம், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று மெசேஜ் அனுப்பியது இதற்காகத்தான். பஸ்ஸில் அவளுக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தேன். ஜெபம் ஒப்பிக்கிற மாதிரி மூன்று தடவை சொல்லிக் காட்டினாள்.

வெட்கமாக இருக்கிறது. உன் முகத்தில் விழிக்க வெட்கம், அவள் முகத்தில் விழிக்க அதைவிட வெட்கம். இனிமேல் சனிக்கிழமைகளில் அவளை அனுப்பாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

செல்வின்


பெரியகுளம்
24.4.2025

அபிதா அப்பாவுக்கு,

கட்டைப் பிரித்த அன்றே எனக்குத் தெரியும். கண்ணாடி கிழிக்கும், பொசுக்காது. சீழ் வைக்கவில்லை, ஆற ஒரு மாதம் ஆகும், தழும்பு நிற்கலாம் என்கிறார் டாக்டர். உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்தவை உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

நான் இப்போது பயப்படுவது காலுக்காக இல்லை. அவள் இன்னும் கண்ணாடி என்றே சொல்கிறாள். முதல் நாள் வெறும் கண்ணாடி. மறுநாள் பச்சைப் பாட்டில். நேற்று அது வாய்க்கால் ஓரம் கிடந்த பாட்டிலாகிவிட்டது. "அப்பா எங்கிட்ட சொல்லிட்டாருடி" என்றேன். நம்பவில்லை. "சும்மா போட்டு வாங்காதம்மா, கண்ணாடிதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். அந்தச் சுமையை என்னால் இறக்க முடியவில்லை. ஏற்றியவர்தான் இறக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். கண்ணாடி இல்லை, அப்பா செய்தது என்று என் முன்னால் அவளிடம் சொல்லுங்கள். உங்களுக்காகக் கூப்பிடவில்லை.

ஜெசிந்தா


பெரியகுளம்
4.5.2025

அபிதா அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அவள் ஒன்றுமே பேசவில்லையே என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். அதன் பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் போனதும் காலை நீட்டிக் கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, வலிச்சுச்சுன்னு இனிமே சொல்லலாமாம்மா?"

சொல்லலாம் என்றேன். அப்புறம்தான் அழுதாள். அத்தனை நாள் கட்டு மாற்றியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் நேற்று ஒரு மணி நேரம் அழுதாள். அழுதால் கண்ணாடி இல்லை என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று அடக்கி வைத்திருந்தாளாம். நானோ என் மகள் எவ்வளவு தைரியசாலி என்று கிளினிக் முழுக்கப் பெருமை பேசினேன். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கட்டு மாற்ற வேண்டும். நீங்கள் இருக்க வேண்டுமாம். எவ்வளவு வலித்தது என்று உங்களிடமும் முழுசாகச் சொல்ல வேண்டுமாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடுவில் எழுந்துவிடாமல், உட்கார்ந்து கேளுங்கள்.

ஜெசிந்தா